புனைபெயர் வேற, முகமூடி வேற

நேத்து, இங்க புனைபெயர்ல எழுதிட்டிருந்த ஒரு அக்காவோட சொந்தப் பேரையும், வேலை பார்க்கிற இடத்தையும் ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட்டோட போட்டாரே, அதுக்கு அவ்வளவு லைக். "இனிமேலாவது நேர்மையாப் பேசட்டும்"னு கமெண்ட் வேற. எனக்கு ராத்திரி முழுக்க மனசு ஆறலை.

பத்து வருஷமா ஒரே பேர்ல எழுதினவங்க. சரியாச் சொன்னது, தப்பாச் சொன்னது, தப்புன்னு ஒத்துக்கிட்டது எல்லாம் அந்தப் பேருக்குக் கீழேயே கிடந்துச்சு. இதுக்கு மேல என்ன நேர்மை வேணும்?

காலைல ஐடி திறந்து, மத்தியானம் திட்டி, சாயங்காலம் மூடிட்டுப் போறவனுக்கு இழக்க ஒண்ணுமில்ல. பத்து வருஷம் காப்பாத்தின பேருக்கு அத்தனையும் இருக்கு. புனைபெயர் வேற, முகமூடி வேற.

நானும் உங்களுக்கு இந்தப் பேர்லதான் பழக்கம். ஒருமுறை ஒருத்தருக்கு அழிஞ்சுபோன படங்களை மீட்க வழி சொன்னேன். படுத்த பிறகுதான் உறைச்சது, கம்ப்யூட்டர்ல எந்த டிரைவ்னு காட்டுற எழுத்தை மாத்திச் சொல்லியிருக்கேன். அவர் அப்படியே அடிச்சா மிச்சமும் போயிடும். ரெண்டு மணிக்கு எழுந்து "நிறுத்துங்க, நான் சொன்னது தப்பு"ன்னு எழுதிட்டு, அவர் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதான்னு விடியுற வரைக்கும் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். என் சொந்தப் பேர் அங்க யாருக்கும் தெரியாது. ஓடியிருக்கலாம். ஓடலை. இதுவும் என் பேர்தான்.

"பேரை மறைச்சா வாய் நீளும்"பீங்க. சொந்தப் பேரும் குடும்பப் படமும் வச்சுக்கிட்டே அசிங்கமாத் திட்டுறவங்க என் இன்பாக்ஸ்ல இருக்காங்க. தென் கொரியா 2007ல சட்டமே போட்டுச்சு, பெரிய தளங்கள்ல எழுதணும்னா அடையாளத்தைச் சரிபார்க்கணும்னு. அடையாள விவரத்தைக் குவிச்சு வச்சா என்ன ஆகும்னு 2011ல தெரிஞ்சுது: ஒரே நிறுவனத்துல இருந்து சுமார் 3.5 கோடிப் பேரோட விவரம் திருடு போச்சு. 2012ல அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு.

"நல்லவங்களுக்கு எதுக்குப் புனைபெயர்?" புள்ளியியல் அறிஞர் வில்லியம் காசெட் வேலை பார்த்த மது ஆலை, சொந்தப் பேர்ல கட்டுரை வெளியிட விடலை. 1908ல 'ஸ்டூடன்ட்'னு போட்டு எழுதினார். அவரோட முறையைப் புள்ளியியல் படிக்கிறவங்க இன்னிக்கும் 'ஸ்டூடன்ட் டி சோதனை'ன்னுதான் படிக்கிறாங்க.

போலி ஐடியில மோசடி நடக்குதுதான். அந்த அக்கா யார் காசைத் தின்னாங்க? வீட்டுல அடிவாங்கிட்டு, யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம வந்த பொண்ணுங்களுக்கு வழி சொன்னவங்க. தன் பேரை ஏன் வெளியே சொல்லலைன்னு உங்களுக்கு நிஜமாவே புரியலையா? லைக் போட்டவங்கள்ல அவங்ககிட்ட உதவி வாங்கினவங்களும் இருக்காங்க. அதைத்தான் தாங்க முடியலை.

காலைல பார்த்தேன், அவங்க பக்கம் இல்ல. சேமிச்சு வச்சிருந்த பதில்களை ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்தேன். ஒண்ணுகூடத் திறக்கலை.