லினக்ஸில் கேம் ஓடாதா?

"விண்டோஸ் 10 முடிந்தது; லினக்ஸ் போட்டால் ஒரு கேமும் ஓடாது, புது கம்ப்யூட்டர்தான் வாங்கணும்" என்று கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது, அது சரி. மற்றது தவறு. வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸ் கேம் படம் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். 2022-இல் வந்த, கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக்கே லினக்ஸில் ஓடும் கருவிதான். எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 எல்லாம் அதில் ஆடுகிறார்கள்.

ஆனால் வாலரண்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. அதுதான் உங்கள் ஆட்டம் என்றால் மாறாதீர்கள். மற்றவர்கள் கோவை காந்திபுரம் கடைகளில் புது கம்ப்யூட்டருக்குப் பணத்தைக் கொட்டும் முன், பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி ஒருமுறை பார்த்துவிடுங்க.