சாய்ந்த கல்லறைக்கற்களைச் சுவரோரம் அடுக்க வேண்டாம்

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர், நாட்டிங்கம்ஷயர், லிங்கன்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. எழுத்தில் 'பெல்வோர்' என்றிருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் அதை 'பீவர்' என்றே சொல்கிறார்கள். அங்குள்ள சிற்றூர்த் தேவாலயங்களைச் சுற்றிய புல்தரையில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செதுக்கப்பட்ட கல்லறைக்கற்கள் நிற்கின்றன. தலைப்பகுதியில் உருண்டையான ஒரு தேவதூதர் முகம், அதன் இருபுறமும் விரிந்த சிறகுகள். இவற்றைப் 'பெல்வோர் தேவதூதர்கள்' என்றே அழைக்கிறார்கள். ஹிக்லிங் என்னும் ஊரின் புனித லூக்கா தேவாலயத்தில் இவற்றைக் கூட்டமாகக் காணலாம்.

இவை அனைத்தும் லெஸ்டர்ஷயரின் சார்ன்வுட் பகுதியில் வெட்டப்பட்ட ஸ்வித்லாண்ட் சிலேட்டுக்கற்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தப் பாறையின் முகப்பை இழைத்து மெருகேற்றிய சிற்பிகள், முதுகை வெட்டியெடுத்த கரடுமுரடான நிலையிலேயே விட்டுவிட்டார்கள். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கியவை மழையிலும் பனியிலும் கரைந்து முகமிழந்து நிற்க, சிலேட்டில் வெட்டிய எழுத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருக்கிறது. வேல்ஸிலிருந்து மெல்லியதாகப் பிளக்கக்கூடிய மலிவான சிலேட்டு வந்து குவிந்ததால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்வித்லாண்ட் கல்குவாரிகள் மூடப்பட்டன.

அந்தச் சிற்பிகளில் பலரும் தங்கள் பெயரைக் கல்லில் விட்டுச் செல்லவில்லை. ஆனால் அவர்களின் கை தெரிகிறது. வரியில் இடம் போதாமல் ஒரு சொல்லின் கடைசி எழுத்துகளைச் சிறியதாக்கி மேலே ஏற்றியிருப்பார்கள். விடுபட்ட எழுத்தை, பள்ளிப் பிள்ளை செய்வதுபோல், அடையாளமிட்டு வரிக்கு மேலே சேர்த்திருப்பார்கள். கல்லில் செய்த பிழையை அழிக்க முடியாது என்பதால் திருத்தத்தையும் கல்லிலேயே செய்த அந்த நேர்மை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது. செல்வந்தர்கள் தேவாலயத்தின் உள்ளே பளிங்குச் சின்னங்களோடு அடக்கமாயினர். வெளியே நிற்கும் இந்தக் கற்களோ உழவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அவர்களின் மனைவி மக்களுக்கும் உரியவை.

எனவே, புல் வெட்டும் இயந்திரம் தடையின்றி ஓடட்டும் என்பதற்காகப் பழைய கற்களைப் பிடுங்கிச் சுற்றுச்சுவரோரம் வரிசையாக அடுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யார் யாருக்கு அருகில் கிடக்கிறார் என்பதே அங்கு ஒரு செய்தி. கணவன் அருகே மனைவி, அவர்கள் காலடியில் மழலையிலேயே இறந்த குழந்தைகள். கல்லை நகர்த்திய அன்றே அந்தச் செய்தி அழிந்துவிடுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப்படி, மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி எந்தக் கல்லையும் இடம் மாற்றக்கூடாது. அந்த அனுமதியை எளிதில் வழங்கக்கூடாது என்பதே என் கருத்து.

பாதுகாப்புக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. 2000ஆம் ஆண்டில் ஹாரோகேட் நகரக் கல்லறையில் கல் விழுந்து ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அந்தத் துயரத்துக்குப் பின் பல இடங்களில் கற்களை அசைத்துப் பார்த்து, ஆடியவற்றைத் தரையில் படுக்க வைத்தார்கள். ஆனால் படுக்க வைத்த கல்லின்மேல் நீர் தேங்குகிறது, புல் மூடுகிறது, மனிதர் கால் படுகிறது. சாய்ந்த கல்லை அதே இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி மீண்டும் நட்டால் ஆபத்தும் நீங்கும், கல்லும் பிழைக்கும்.

இன்னொரு வேண்டுகோள், முன்னோர் பெயரைத் தேடி வருபவர்களிடம். எழுத்து தெரியவில்லை என்று கம்பித் தூரிகையாலோ வெளுப்பு நீராலோ கல்லைத் தேய்க்காதீர்கள். அதன்மேல் படர்ந்திருப்பது அழுக்கு அன்று; நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியின் உறவு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராத அந்த உயிர், இந்தத் தேவாலய முற்றங்களில் நூற்றுக்கணக்கான வகைகளில் வாழ்கிறது. ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்துச் சென்று, வெயிலைப் பக்கவாட்டில் கல்லின்மேல் விழச் செய்தால் போதும். பள்ளங்களில் நிழல் விழுந்து, பெயரும் ஆண்டும் தாமாகவே எழுந்து வரும்.