மாணிக்கத் தூள் இல்லை, கார்னெட்

கன்னியாகுமரி கடற்கரையின் சிவப்பு மணலை 'மாணிக்கம் பொடிந்தது' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது கார்னெட் என்ற கனிமம். மாணிக்கம் வேறு கனிமம். நம் கோமேதகம்கூட கார்னெட் குடும்பம்தான், ஆனால் இந்த மணல் அதுவும் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய கணினி ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே வலுவான காந்தம் இருக்கும். அதைத் தாளில் சுற்றிக் காய்ந்த மணல் மேல் காட்டுங்கள். கறுப்புத் துகள்கள் சட்டென்று ஒட்டும், பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். சிவப்பும் கொஞ்சம் தயங்கி வரும், அதில் இரும்பு இருப்பதால். மாணிக்கமாக இருந்தால் அசையாது. வெள்ளை மணலும் அப்படியே கிடக்கும், அது குவார்ட்ஸ்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போனால் கறுப்பும் சிவப்பும் பட்டை பட்டையாகத் தெரியும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் குவார்ட்ஸ் 2.65, கார்னெட் 4 பக்கம், இல்மனைட் 4.7. அலை லேசானதை வாரிக்கொண்டு போய்விடுகிறது, கனமானது தங்கிவிடுகிறது. அம்மன் கல்யாணம் நின்றுபோய் அரிசியும் தானியமும் மணலானது என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள். அந்தக் கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம், மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் அள்ளி வந்து வீட்டில் குவிக்காதீர்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார்.