பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவதும் பழகுவதுதான்

மூன்று வயதாகியும் மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாடாத குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதைப் படிக்கும் பெற்றோர் பலர் வீணாகப் பயந்துவிடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்து, சேர்ந்து விளையாடுவது படிப்படியாகத்தான் வரும் என்று 1932-லேயே எழுதியிருக்கிறார். தனியாக விளையாடுவது, மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது, பக்கத்திலேயே உட்கார்ந்து அதே மாதிரி பொம்மையோடு தன் போக்கில் விளையாடுவது, அப்புறம்தான் கொடுத்து வாங்கி, சேர்ந்து விளையாடுவது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள்கூட நடுநடுவே தனியாக விளையாடுவார்கள். தள்ளி நின்று பார்க்கும் குழந்தை அந்த நேரத்தில் நிறையக் கற்றுக்கொள்கிறது என்றே நான் நம்புகிறேன். 'போ, போய் விளையாடு' என்று தள்ளிவிடாதீர்கள், பாவம்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? பிடித்ததை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? பொம்மைக்குச் சோறூட்டுவது போன்ற பாவனை விளையாட்டு உண்டா? வீட்டில் நெருங்கியவர்களிடம் கலகலப்பாக இருக்கும் குழந்தை வெளியில் ஒதுங்கினால் அது பெரும்பாலும் கூச்சம்தான். வீட்டிலும் இவை எதுவும் இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முன்பு பேசிய சொற்களோ பழக்கங்களோ மறைந்துபோனால் மட்டும் எந்த வயதானாலும் 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.