பட்டியலில் பெயர் இருந்து என்ன பயன்?

கோபிச்செட்டிபாளையத்தை விட்டு வந்து சார்ஜாவில் பிழைக்கும் எனக்கும் 6ஏ படிவத்தின் புண்ணியத்தில் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குக் கொடுத்த உரிமை அதோடு சரி. வாக்களிக்க வேண்டுமானால் அசல் பாஸ்போர்ட்டுடன் சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே நேரில் வந்து நிற்க வேண்டும். கிடைக்கிற விடுப்பைப் மார்கழியில் வரும் பாரியூர்க் குண்டம் திருவிழாவுக்கென்று சேர்த்து வைத்தால், தேர்தலோ ஏப்ரல் வெயிலில் வருகிறது. ஒரு பொத்தானை அழுத்துவதற்காகக் கோயம்புத்தூருக்கு விமானம் ஏறிவிட்டு வர யாருக்குக் கட்டுப்படியாகும்?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், துணைத் தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே அமர்ந்திருக்கும் நம் அரசு அதிகாரி, மின்னணு முறையில் வரும் வாக்குச்சீட்டை அச்செடுத்து அஞ்சலில் அனுப்பி வாக்களித்துவிடலாம்; தடுப்புக்கு வெளியே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வரிசையில் நிற்பவனுக்கு அது கிடையாது. எங்களுக்காகப் பதிலாள் வாக்கு மசோதா ஒன்று 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019இல் காலாவதியானது. (அது வந்திருந்தாலும், என் வாக்கை மச்சானிடம் ஒப்படைத்தால் அது அவர் கட்சிக்குத்தான் விழுந்திருக்கும்.) படைவீரர்களுக்குப் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள அஞ்சல் ஏற்பாட்டை எங்களுக்கும் நீட்டிப்பதில் அரசுக்கு அப்படி என்னதான் சிரமம்?