தாடிப் பாசிக் கஷாயமும் கண்ணாடித் தட்டும்

கோத்தகிரிப் பக்கம் சோலை மரங்களில் தாடி போலத் தொங்கும் பாசியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். (அது பாசியே இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். சரி, அது வேறு கதை.)

இப்படி ஆய்வுகள் நடந்திருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் கண்ணாடித் தட்டில். மனித உடம்பில் அல்ல. சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டைக் கிருமி பூசிய அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) மேல் வைப்பார்கள். மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். வினிகரை வைத்தாலும் வளையம் விழும்! அப்புறம், அந்தச் சாற்றைப் பெரும்பாலும் அசிட்டோனிலோ மெத்தனாலிலோதான் எடுப்பார்கள். இந்த லைக்கனில் கிருமியை அடக்கும் பொருளான அஸ்னிக் அமிலம் தண்ணீரில் கரைவதே அரிது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கும்?

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பதிவிட்டவரிடம் ஆய்வுக் கட்டுரையைக் கேட்டு வாங்கி, செய்முறைப் பகுதியை மட்டும் பாருங்கள்: எதில் கரைத்தார்கள், எதன்மேல் சோதித்தார்கள் என்று இருக்கும். இங்கே மனிதர்களிடம் சோதனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவச் சோதனைகளின் இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம்.