தண்டர்பேர்டில் தெரிவதெல்லாம் பேக்கப் ஆகாது

ஜிமெயிலில் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று யாராவது புலம்பினால் போதும், கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க உதவும் மென்பொருளான தண்டர்பேர்டைக் காட்டி, "தண்டர்பேர்டு போடுங்க, மெயில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துடும், அப்புறம் ஜிமெயில்ல அழிச்சிடுங்க" என்று கமெண்டில் நாலு பேராவது சொல்லிவிடுவார்கள். இதை அப்படியே நம்பி அழித்தால் பத்து வருஷ மெயில் போய்விடும்.

மென்பொருளின் மேல் குறை இல்லை. 2004 டிசம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. 2012-ல் அதை உருவாக்கிய மொஸில்லாவே அதன் வளர்ச்சிப் பணியைக் குறைத்துக்கொண்டது. இன்று பயனர்கள் தரும் நன்கொடையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஐமேப் என்ற மெயில் பார்க்கும் முறை என்ன என்று புரியாமல் அதைப் பயன்படுத்துவதுதான் வினை.

ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் தண்டர்பேர்டு ஐமேப் கணக்காகத்தான் அமைக்கப் பார்க்கும். ஐமேப்பில் மெயிலின் சொந்த வீடு சர்வர்தான், அதாவது கூகுளின் கம்ப்யூட்டர்தான். இங்கே அழித்தால் அங்கேயும் போகும். அங்கே அழித்தால், அடுத்த முறை இணைப்பு கிடைத்ததும் இங்கேயும் காணாமல் போகும். ஆஃப்லைனில் படிப்பதற்காக ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கிறதே என்றால், அதுவும் சர்வர் சொன்னபடி ஆடும் பிரதிதான்.

சர்வர் தொடாத இடம் ஒன்று உண்டு: இடப்பக்கப் பட்டியலில் கடைசியில் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'. அதற்குள் 2014, 2015 என்று வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். பழைய மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'காப்பி டு' கொடுங்கள். 'மூவ் டு' வேண்டாம். பத்தாயிரம் மெயிலை ஒரே மூச்சில் இழுத்தால் நடுவில் இணைப்பு அறுந்து, எது வந்தது எது வரவில்லை என்று தெரியாமல் போகும். ஐந்நூறு ஐந்நூறாக இழுங்கள், ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ஆஃப்லைனுக்குப் போய், லோக்கலில் இருக்கும் பழைய மெயில் சிலவற்றின் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது உங்களுடையது.

'மூவ்' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிமெயிலில் ஃபோல்டரே கிடையாது, எல்லாம் லேபிள். இன்பாக்ஸிலிருந்து லோக்கலுக்கு மூவ் செய்தால் ஜிமெயில் அதை அழிக்காது, வழக்கமாக ஆர்க்கைவ்தான் செய்யும். இன்பாக்ஸ் காலியாகத் தெரியும், 'ஆல் மெயில்' உள்ளே அத்தனையும் அப்படியே இருக்கும், 15 ஜிபி கணக்கில் ஒரு எம்பி கூடக் குறையாது. அதனால் காப்பியைச் சரிபார்த்த பிறகு பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து, தேதி வடிகட்டி போட்டு அழித்து, ட்ராஷையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் 30 நாள் அது அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சரி, லோக்கலுக்கு வந்த மெயில் எங்கே இருக்கிறது? வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டர் என்பது ஒரே ஒரு ஃபைல், எம்பாக்ஸ் வகை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் கூட இருக்காது. சின்ன ஃபோல்டர் ஒன்றின் ஃபைலை நோட்பேடில் திறந்தால் மெயில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக இருப்பது தெரியும். நடுநடுவே பக்கம் பக்கமாக ஓடும் எழுத்துக் குப்பைதான் மெயிலோடு வந்த இணைப்புகள் (அட்டாச்மென்ட்). இப்படி எழுத்தாக மாற்றி வைப்பதால்தான் 15 எம்பி இணைப்பு 20 எம்பிக்கு மேல் பிடிக்கிறது. பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

தண்டர்பேர்டில் வரும் பாதிக் குழப்பம் இந்த ஒற்றை ஃபைலால்தான். நீங்கள் ஒரு மெயிலை அழித்தால் 'அழிந்தது' என்று ஒரு குறி மட்டும் விழும், எழுத்து ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அது ஃபைலைப் புதிதாக எழுதும் வேலை. டிஸ்க்கில் அந்த அளவுக்கு இடம் வேண்டும், பாதியில் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. ஆன்டிவைரஸ் ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக ஃபைல் முழுவதையும் தூக்கிக் குவாரன்டைனில் போட்டால் இன்பாக்ஸே மாயமாகிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் ஆன்டிவைரஸ் என்று ஒரு டிக் இருக்கிறது; அதைப் போட்டால் புதிதாக வரும் மெயில்கள் தனித்தனியாகச் சோதிக்கப்படும்.

மெயில் ஃபைல் நன்றாக இருந்தும் பட்டியல் தாறுமாறாகத் தெரிந்தால், கெட்டது அதன் பக்கத்தில் இருக்கும் எம்எஸ்எஃப் என்ற அட்டவணை ஃபைலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள், திரும்பக் கட்டிக்கொள்ளும்.

இனிதான் உண்மையான பேக்கப். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்தில், உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' உள்ள இடத்தைத் திறந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். டூல்ஸில் எக்ஸ்போர்ட் இருக்கிறதே என்பீர்கள். ப்ரொஃபைல் 2 ஜிபி தாண்டினால் அது கைவிரித்துவிடும். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். வருஷவாரியாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அந்த ப்ரொஃபைலுக்குள் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைக்கும் ப்ரைமரி பாஸ்வேர்டு போடாமல் பென்டிரைவை ஆபீஸ் மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள்.